கடலடிக்கு ஒரு எல்.டி.சி.

கடலுக்கு அடியில் போய்விடுவது என்று தீர்மானித்தேன். பதற வேண்டாம். திரும்பி வருகிற மாதிரிதான். லீவு விண்ணப்பத்தில் திரும்பி வரும் தேதியையும் கேட்கிறார்கள்.

என் பெயர் லோகநாதன். ஆவடியில் ஒரு ராணுவத் தொழிற்சாலை, சம்மட்டிப் பிரிவு. இருபத்தொரு வருஷமாக மற்றவர்கள் இரும்பை அடிக்கிறார்கள், நான் பக்கத்தில் நின்று சரியாக அடிக்கிறார்களா என்று பார்க்கிறேன். காலை ஏழரைக்கு ஆரம்பிக்கிற சத்தம் சாயங்காலம் நாலரைக்கு ஓயும். சைக்கிளை மிதித்துக் குவார்ட்டர்ஸுக்கு வந்தால் அங்கே இரண்டாவது ஷிப்ட். அதை நடத்துவது என் மனைவி வனஜா.

சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அழுகைதான் வந்தது. சில நாள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே போக மனசில்லாமல் பூட்டைப் பூட்டுவதும் திறப்பதுமாக நிற்பேன். சத்தமே இல்லாத ஓர் இடத்தில் அரை மணி நேரம் இருக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு மிச்சமில்லை.

தொண்ணூற்றிரண்டு பொங்கலுக்கு முந்தின வாரம், சலூனில் கிடந்த பழைய பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்தமான் பக்கம் ஏதோ குட்டித் தீவு. ஒரு மனிதன் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மீன்களுக்கு நடுவே மிதக்கிறான். வாயில் ரப்பர்க் குழாய். அதைக் கடித்துக்கொண்டுதான் மூச்சு விட வேண்டுமாம். பேச முடியாது. பக்கத்தில் மிதப்பது சொந்த மனைவியாகவே இருந்தாலும் முடியாது! நீச்சல் தெரியாதவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள் என்றும் போட்டிருந்தது. என் கண் கலங்கியதைப் பார்த்து, சோப்பு எரிகிறதா என்று சலூன்காரர் துண்டை நீட்டினார்.

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தியாவில் எங்கே போய்வந்தாலும் பயணச் செலவை சர்க்கார் கொடுக்கும். அதுதான் எல்.டி.சி. மற்றவர்கள் குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குப் போய், சூரியனைப் பார்த்து, சண்டை போட்டுக்கொண்டு திரும்புவார்கள். நான் தனியாகப் போக நினைத்தேன். ஆனால் “நீ வராதே” என்று வனஜாவிடம் சொல்ல எனக்கு நெஞ்சுரம் போதாது. அவளாகவே வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்காக ஒரு பயணத் திட்டம் போட்டேன். எவ்வளவு கொடுமையாக முடியுமோ அவ்வளவு கொடுமையாகப் போட்டேன்.

“இந்தாமே வனஜா, கப்பல்ல மூணு நாளு.”

“மூணு நாளா!”

“அடித்தட்டுல எரநூறு பேரு. ஒருத்தன் வாந்தி எடுத்தா போதும், வரிசையா அத்தினி பேரும் எடுப்பான்.”

“அய்ய!”

“அப்பால இன்னொரு போட்டு. அதுல ஆடுங்க கூடதான் நின்னுகினு போவணும். தீவுல எறங்கினா கரண்டு கெடையாது. குடிசைல படுக்கணும். பூரான் கீது, முழ நீளத்துக்கு. இட்லி கெடையாது.”

இட்லியில் அவள் தலையில் கை வைத்துவிட்டாள்.

“எனக்கு ஒத்துக்காதுய்யா. நான் வர்ல. நீ வேணா போய்ட்டு வா.”

அன்றைக்கு உப்பில்லாத குழம்பைக்கூட இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் அவளுக்குக் கவலை வந்துவிட்டது.

“ஏய்யா, எரநூறு பேருக்கு நடுவுல நீ எப்டி படுப்ப? ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? தனி ரூமு இல்லியா?”

“ரெண்டு பேரு கேபின் கீது. ஒத்த ஆளுக்குத் தரமாட்டான்.”

“அப்ப எம்பேரையும் சும்மா எழுதி வையேன். நான்தான் வர்லன்னு சொல்லிட்டேனே.”

என்ன பாசம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று சனிக்கிழமை துறைமுகத்துக் கப்பல் ஆபீசில் வரிசையில் நின்றேன். கேபின் கிடைத்தது. அடுத்த வாரம் “பூரான் கடிச்சா யாரு பாப்பாங்க?” என்றாள். தீவுக்குக் கடிதம் எழுதி, சிமெண்டுத் தரையும் கட்டிலும் உள்ள ஒரு விடுதியைப் பிடித்தேன். “இட்லி இல்லாம எப்டிய்யா?” என்றாள். படகுத்துறைப் பக்கத்தில் ராமநாதபுரத்து அம்மாள் ஒருத்தி மெஸ் நடத்துவதைக் கண்டுபிடித்தேன். புதன்கிழமைப் படகில் ஆடு ஏற்றுவதில்லை என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கடல் அலையடிக்காமல் கிடக்கும் மார்ச் மாதத்தில் பதினைந்து நாள் லீவும் வாங்கினேன். ஆவடியில் ஏறுகிற ரயிலிலிருந்து தண்ணீரில் இறங்குகிற நேரம் வரை எல்லாவற்றையும் முத்து முத்தாக ஒரு தாளில் எழுதச் சொன்னாள். எழுதினேன்.

ஒருநாள் தீவிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“தண்ணில எறங்கறதுக்கு டாக்டர் சீட்டு கேக்கறாங்களாமே? கேபின்ல ரெண்டு பேரு கீது. ரெண்டு சீட்டா வாங்கிக்கோ. இல்லாட்டி சந்தேகப்படுவாங்க.”

அம்பத்தூரில் ஒரு டாக்டரிடம் போனோம். வனஜாவின் காதுகளில் விளக்கடித்துப் பார்த்து உடனே கையெழுத்துப் போட்டார். என் வலது காதைப் பார்த்தார். இடது காதுக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். நர்ஸைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னார்.

“ஜவ்வுல பெரிய ஓட்டை. எங்க வேலை?”

“சம்மட்டி செக்சன் சார்.”

“இந்தக் காதை வச்சுக்கிட்டு குளத்துலகூட முங்கக் கூடாது. கடலுக்கு அடியிலயா! நினைச்சே பாக்காதீங்க.”

“எத்தினி வருசமா கீது சார்?”

“எட்டு, பத்து வருஷம் இருக்கும். வீட்டுல யாரும் கவனிக்கலையா?”

நான் வனஜாவைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். “உனக்குத் தெரியுமா?”

“தெரியாம இன்னா? எட்டு வருசமா அந்த ஓட்டக் காதுப் பக்கமா நின்னுதான உன்னத் திட்டிகினு கீறேன்.”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் கேட்டுத் தொலைத்துவிட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாதிதான் கேட்டிருக்கிறேன். தொழிற்சாலைக்கு இருபத்தொரு வருஷத்தோடு ஒரு காதையும் கொடுத்திருக்கிறேன், கொடுத்தது எனக்கே தெரியவில்லை. அந்த அரை மணி நேரமும் இனி எனக்கு இல்லை.

“வுடுய்யா,” என்றாள் வனஜா, வலது பக்கம் மாறி உட்கார்ந்து. “உனக்கோசரம் நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

“நீயா! வாந்திக்கு இன்னா பண்ணுவ?”

“கேபினாச்சே.”

“பூரானு?”

“கட்டில் கீதே.”

“இட்லி?”

“நீதான மெஸ்ஸு புடிச்சு வெச்சிகீற.”

“எல்.டி.சி. என்னுதுமே! நான் இல்லாம நீ எப்டி போவ?”

“குடும்பம் தனியா போலாம்னு நீ கொண்டாந்த ரூல் தாள்லயே போட்டுகீது. பக்கத்து ஊட்டு புஷ்பா உன் எடத்துல வருது. அது ஊட்டுக்காரருக்கும் இந்த வருசம் எல்.டி.சி. பாக்கி. அதுக்கு டாக்டர் சீட்டு போன வாரமே வாங்கியாச்சு.”

போன வாரமே! என் காதில் விளக்கடிப்பதற்கு முன்பே என் கட்டிலில் புஷ்பா படுத்துவிட்டிருக்கிறாள்.

“தண்ணில எறங்க உனக்கு பயமா இல்லியா?”

“எங்கம்மா ஊரு நூம்பல்ல எவ கொடம் கெணத்துல வுழுந்தாலும் என்னத்தான் கூப்டுவாங்க. ஒரே முங்கு, அடிமண்ணத் தொட்டு எடுத்தாருவேன். கல்யாணம் ஆயி பதினெட்டு வருசமாச்சு. இத்த ஒரு தபா சொன்னப்பவாவது காதுல வாங்கினியா நீ?”

எந்தக் காதில் சொன்னாளோ. அவள் முகம் ஒரு நிமிஷம் வாடிப்போனது எனக்குக் கஷ்டமாக இருந்தது. போய்வா என்று சொல்லிவிட்டேன்.

புறப்படுகிற அன்று காலை, வனஜா நான் எழுதிய தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். புஷ்பா வாசலில் பெட்டியோடு நின்றாள். எனக்குக் கடைசியாக ஒரு நப்பாசை. வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், கதவைச் சாத்திக்கொண்டு சும்மா படுத்துக் கிடக்கலாம்.

“லீவு பதினஞ்சு நாளும் வாங்கினது வாங்கினதுதான் வனஜா. நான் ஊட்லயே கம்முனு கெடக்கறேன்.”

“கெட. அதுக்குத்தான் லீவ ரத்து பண்ண வோணாம்னேன். பாத்ரூம் தரைய ஒடைச்சுப் போடச் சொல்லி குவார்ட்டர்ஸ் ஆபீசுக்கு மூணு வருசமா எழுதிப் போட்டுகினு இருந்தேன்ல? இன்னிக்கு ஆளுங்க வர்றாங்க. ஊட்ல ஒரு ஆம்பள இருக்கணுமாம்.”

“ஒடைக்கறாங்களா? எத்தினி நாளு?”

“பதினஞ்சு நாளு.”

தெருமுனையில் கடப்பாரையும் சம்மட்டியுமாக நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். வனஜா அவர்களுக்கு எங்கள் வீட்டைக் கை காட்டினாள். நாலடி நடந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பி வந்து வலது பக்கமாக நின்று சொன்னாள்:

“சத்தம் தாங்க முடியலன்னா, இடது காத பாத்ரூம் பக்கம் வெச்சுகினு ஒக்காரு.”