டக்ளஸ் வீட்டுத் தபால் பெட்டி

டக்ளஸ் வீட்டுத் தபால் பெட்டிக்குள் விட்ட கை வெளியே வரவில்லை. தங்கராஜு கால் மணி நேரமாக இழுத்துப் பார்த்துவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. கைப்பேசி அடிக்க, இடது கையால் எடுத்தார்.

"பேங்க் லெட்டர் கிடைச்சிச்சா?" என்றார் தனியார் துப்பறிவாளர் தேவன்.

"கிடைச்சிச்சி சார். கைதான் வரமாட்டேங்குது."

"லெட்டர மட்டும் விட்டுறாதீங்க. அதான் ஆதாரம்."

தங்கராஜு புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலைக் காவலாளி. மகள் நித்தியாவின் படிப்புக்கென்று சேர்த்ததை எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்ட முதலீட்டுத் திட்டம் ஒன்றில் போட்டிருந்தார். ஒரு நாள் காலையில் அந்த அலுவலகமே காணாமல் போயிருந்தது. "விசாரிக்கிறோம்" என்று போலீஸ் எட்டு மாதமாகச் சொன்னது. நித்தியா ராவாங்கில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கல்லா வேலைக்குப் போய்விட்டாள். அப்பாவோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

தங்கராஜு மோட்டார் சைக்கிளை விற்று தேவனை அமர்த்தினார்.

தேவன் ஒரே வாரத்தில் துப்பு கொடுத்தார். "திட்டத்தோட தலைவன் ராசா டவுன்ல இருக்கான். பேரு டக்ளஸ். தினமும் போயி அவன் வீட்டு முன்னால நின்னு பாருங்க."

போனார். மோட்டார் இல்லாததால் பஸ்ஸில் போய்வர நேரமாகி, வேலைக்குப் பிந்தினார், சம்பளத்தில் பிடித்தார்கள். டக்ளஸ் வீட்டு நாய் காலைக் கடித்தது. "இதெல்லாம் பத்தாதுலா, எழுத்துல ஏதாச்சும் வேணும்" என்றார் தேவன். அதனால்தான் இந்தத் தபால் பெட்டி.

பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டார். பெட்டியை அறுத்துத்தான் கையை எடுத்தார்கள்.

நிலையத்தில் இன்ஸ்பெக்டர் சுகுமாரன் நனைந்த கடிதத்தைப் பிரித்தார். கடன் கட்டாததால் டக்ளஸ் வீட்டை ஏலம் விடப்போவதாக வங்கி எழுதியிருந்தது.

"சும்மா நடிக்கிறான் சார்" என்றார் தங்கராஜு.

"துப்பறியிறவரு சொன்னாருன்னு அடுத்தவங்க லெட்டர எடுக்கலாமா? இத கோர்ட்டுல காட்டினா நீங்கதான் உள்ள போவீங்க."

"நீங்க பிடிக்கலையே சார். எட்டு மாசம் காத்திருந்தேன். எம்புள்ள படிப்பு போச்சு. அவன்தான் தலைவன்னு தேவன் சார் ரிப்போர்ட்டே எழுதிக் கொடுத்திருக்காரு."

புகார் கொடுக்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த டக்ளஸின் மனைவி லில்லியன் எழுந்து வந்தாள். தன் வீட்டு வாசலில் தங்கராஜு நிற்கும் படங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள்.

"நாங்களும் அந்தச் செம்பனைத் திட்டத்துல பணம் போட்டு ஏமாந்தவங்கதான், அண்ணே. தலைவரு நீங்கதான்னு தேவன் சார் எங்களுக்கு ரிப்போர்ட் கொடுத்திருக்காரு."