அழாத ஆட்டுக்குச் சாவி கிடையாது

ஒரு காட்டில் ஒரு கம்பெனி இருந்தது. சிங்கம் எங்கே என்று கேட்காதீர்கள், அது இந்தக் கதையில் இல்லை. நடக்க முடியாத விலங்குகளுக்குத் தோதாக வண்டி செய்து விற்பதுதான் அந்தக் கம்பெனியின் வேலை. பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாம் கையிலேயே இருக்கும். ஏறி உட்கார ஒரு சாய்வுப் பலகையும் உண்டு. வண்டி உண்மையிலேயே நல்ல வண்டி. கம்பெனிதான் சரியில்லை.

மேனேஜர் ஒரு கழுதைப்புலி. டெலிவரி பார்ப்பது ஒரு கீரி. ஆள் பற்றாக்குறை, அதனால் போட்டோ எடுப்பதும் கீரிதான்.

பூவாத்தா என்ற வெள்ளாட்டுக்குப் பின்னங்கால் இரண்டும் பிறந்ததிலிருந்தே விளங்காது. காட்டின் மறுகோடியில் இருக்கும் பால் சொசைட்டியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். முழுப் பணமும் கட்டி வண்டி வாங்கியிருந்தாள். திங்கள் காலை எட்டு மணிக்கே எருமை வண்டியில் வந்து இறங்கிவிட்டாள்.

ஆனால் அங்கே ஒரு வழக்கம். சாவியைச் சும்மா கொடுத்து அனுப்ப மாட்டார்கள். பொன்னாடை போர்த்தி, ஆளுயர அட்டைச் சாவி ஒன்றைக் கொடுத்து, வாங்குகிறவர் கண்கலங்கி நிற்பதைப் போட்டோ எடுத்த பிறகுதான் நிஜச் சாவி.

"மேடம், கொஞ்சம் அழுங்க," என்றது கழுதைப்புலி.

"எதுக்கு?"

"நாங்க உங்களுக்கு வாழ்க்கை குடுக்குறோம்ல?"

"வண்டிதான சார் குடுக்குறீங்க? அதுவும் நான் வாங்குனது. துணிக்கடையில சட்டை வாங்குறவன் அழுவுறானா?"

கீரி ஒரு போட்டோ எடுத்தது. பூவாத்தா முறைத்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று எடுத்தது. அதில் கொட்டாவி.

"உங்கம்மாவ நெனச்சுக்கங்க மேடம்."

"எங்கம்மா நல்லாத்தான் இருக்கு. வெளிய மேஞ்சுகிட்டிருக்கு பாருங்க."

வெங்காயம் கொண்டுவரச் சொன்னது கழுதைப்புலி. பூவாத்தா அதைத் தின்றுவிட்டாள்.

"சார், மணி ஒம்பதாச்சு. பலகை வேற செங்குத்தா நிக்குது. கொஞ்சம் சாச்சு விடுங்க, நான் கெளம்பணும்."

"பாத்தியா கீரி? பாவமா இருக்க வேண்டிய நேரத்துல கம்ப்ளெயின்ட் பண்றாங்க," என்று சலித்துக்கொண்ட கழுதைப்புலி, புள்ளிமான் ரேஷ்மாவுக்குப் போன் போட்டது.

ரேஷ்மாவுக்கு நாலு காலும் அருமையாக வேலை செய்யும். வேலியைத் தாண்டிக் குதித்தே வந்தாள். ஆனால் அந்தக் கண்கள் இருக்கின்றனவே! அட்டைச் சாவியைக் கையில் வாங்கியதும் பொலபொலவென்று கொட்டியது. அவள் அழுததைப் பார்த்துக் கழுதைப்புலியும் நிஜமாகவே விம்ம ஆரம்பித்தது.

"மொகம்! மொகத்த மட்டும் எடுடா கீரி!"

கீரி ஒரு கையால் படம் எடுத்துக்கொண்டே மறு கையால் நிஜச் சாவியைப் பூவாத்தாவிடம் நீட்டியது.

"கெளம்புங்கக்கா. சார் அழுது முடிக்கப் பத்து நிமிஷம் ஆவும்."

"பலகை?"

"சார் போன் போட்டப்பவே சாச்சுட்டேன்."

பூவாத்தா ஏறினாள், முறுக்கினாள், போய்விட்டாள். ஒன்பது ஐம்பதுக்கு சொசைட்டியில் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

கழுதைப்புலி மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பியது. "வண்டி எங்கடா?"

"டெலிவரி ஆயிடுச்சு சார்."

"போட்டோ?"

கீரி காட்டியது. ரேஷ்மாவின் கண்ணீரைப் பார்த்ததும் கழுதைப்புலி மறுபடியும் மூக்கைச் சிந்தியது. "எப்பேர்ப்பட்ட சேவை பண்றோம்டா நாம," என்றது. வண்டியை யார் ஓட்டிக்கொண்டு போனது என்று கேட்கவே இல்லை.

அந்தப் படம் மரத்துக்கு மரம் தொங்கியது. ஆர்டர் குவிந்தது. இப்போதெல்லாம் யார் வண்டி வாங்கப் போனாலும் ரேஷ்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள். அவள் தேதி கிடைப்பதுதான் கஷ்டம்.

நீதி: முழுப் பணம் கட்டினால் மட்டும் போதாது, உங்களுக்காக அழுவதற்கு, நன்றாக நடக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள்.