சத்தம் போடாத ரொட்டி வேன்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

நானும் உங்கள் அத்தையும் உங்கள் வீட்டில் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் ரொட்டி வேனின் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டாரை மாட்டியது அநியாயம். இதைச் சொல்லிவிட்டதால் இனி நலம் விசாரிக்கலாம். அங்கே அனைவரும் நலந்தானே? இங்கே வேனைத் தவிர அனைவரும் நலம்.

மோட்டார் ஜெர்மனி, பேட்டரி கொரியா, இரண்டையும் அடக்கி ஆளும் பெட்டி ஜப்பான் என்று பெருமையாகச் சொன்னீர்கள். உலகமே கூடி என் வண்டியைச் செய்திருக்கிறது. வண்டிக்காரனை மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் இன்ஜினைக் காதால் படித்தவன். பிரேசிலில் கரும்புச் சாராயத்தில் கார் ஓட்டுகிறார்கள் என்று நானும் வாசித்திருக்கிறேன். அதற்கு மாற்றியிருந்தால் சத்தமாவது மிஞ்சியிருக்கும்.

சத்தம் எதற்கு என்பீர்கள். என் இன்ஜின் தெருமுனையில் இருமினால்தான் வீடுகளில் கதவு திறக்கும். இப்போது நான் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. முதல் நாள் எனக்கே தெரியாமல், ஓடத் தயாராக நின்ற வண்டியைக் கிளப்புவதாக நினைத்து அணைத்து அணைத்துப் போட்டேன், பிறகு ஹாரன் அடித்தேன், தையல்காரம்மா ஜன்னலைத் திறந்து, "பெரியவரே, பிள்ளை இப்பத்தான் தூங்குச்சு, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார், சரியென்று தகர டப்பாக்களைப் பின்னால் கட்டி இழுத்தேன், நாய்கள்தான் வந்தன, அவை ரொட்டி வாங்குவதில்லை. சார்ஜ் போட்டால் ஃபியூஸ் போகிறது, ஃபியூஸ் போனால் ரொட்டி அடுப்பு அணைகிறது. "பாதி ரொட்டி திரும்பி வருதுங்க. இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்" என்கிறாள் உங்கள் அத்தை.

ஆகவே என் இன்ஜினைத் திருப்பித் தாருங்கள். மகளுக்கு ஆசிகள், பேத்திக்கு முத்தங்கள், உங்களுக்கு மீதி இருப்பது.

இப்படிக்கு,
கோபம் தணியாத மாமனார்

பி.கு.: இதை அனுப்புவதற்குள் இன்று காலை உங்கள் அத்தை தானாகவே வேனில் ஏறி உட்கார்ந்தாள். டீசல் புகை மூச்சை அடைக்கும் என்று இத்தனை வருடம் கிட்டவே வராதவள். முதல் தெருவிலேயே தலையை வெளியே நீட்டி, "சூடா ரொட்டி! ஓடி வாங்கம்மா, ஆறிடும்!" என்றாள். வரிசையாகக் கதவுகள் திறந்தன. தையல்காரம்மா பிள்ளையும் கையுமாக வந்து, "இவங்க தினமும் வருவாங்களா?" என்று என்னிடமே கேட்டார். ஒரு ரொட்டி மிஞ்சவில்லை.

இதனால் நீங்கள் செய்தது சரியென்று ஆகிவிடாது. ஆனாலும் பழைய இன்ஜினை எடைக்குப் போட வேண்டியது நீங்கள். அடுப்புக்கும் சார்ஜருக்கும் தனித்தனி லைன் இழுக்க எலக்ட்ரீஷியனை அனுப்ப வேண்டியதும் நீங்களே. பக்கத்து இருக்கைக்கு மெத்தை தைக்க வேண்டியது என் மகள். மோட்டாருக்குச் சத்தம் வைக்காமல் இருக்க வேண்டியது ஜெர்மனிக்காரர்கள். சத்தம் போட இங்கே ஆள் இருக்கிறது. வழியெல்லாம் பேச வேண்டியது உங்கள் அத்தை. இரைச்சலில் காதில் விழவில்லை என்று இனிச் சொல்ல முடியாதாகையால், பதில் சொல்ல வேண்டியது நான்.