ரிம்மில் பதிந்த பல்

மூன்றாவது டயரும் அழ ஆரம்பித்தது.

காற்று சீராகத்தான் ஏறியது. டயரின் ஓரம் 'டம்' என்று ரிம்மில் போய் உட்கார்ந்தது. அடுத்த நொடி உள்ளேயிருந்து ஒரு முனகல். வாயில் துணியை அடைத்துவிட்டு யாரையோ அழச் சொன்னதுபோல.

"காத்து இறங்குது, வேற ஒண்ணுமில்ல" என்றார் சாலமோன், தமக்கே நம்பிக்கையில்லாத குரலில்.

"காத்து எறங்குனா உஸ்ஸுனுதான வரும்? இது அம்மானு கூப்டுது டாக்டரே" என்றார் திருமலை.

மதியம் மூன்று மணிக்கே வானம் சாம்பல் நிறமாகியிருந்தது. கடலிலிருந்து வந்த மூட்டத்தில், எதிரே வரிசையில் நின்ற கண்டெய்னர் லாரிகளுக்குத் தலை தெரிந்தது, உடம்பு தெரியவில்லை.

திருவொற்றியூரில் மற்றவர்கள் பஞ்சர் ஒட்டுவார்கள். சாலமோன் சிகிச்சை அளிப்பார். ஆறு மாதத்துக்கு முன் கடையின் பெயரை 'சாலமோன் வீல் மருத்துவமனை' என்று மாற்றி, வெள்ளைக் கோட்டும் தைத்துப் போட்டுக்கொண்டார். பழைய இரும்புக் கம்பிகளையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, நைலான் முனை வைத்த நெம்புகோல் வாங்கினார். போர்டில் சிவப்பு எழுத்தில் ஒரு சபதமும் இருந்தது: 'ரிம்மில் ஒரு கீறல் விழுந்தால் அன்றே இந்தப் போர்டு இறக்கப்படும்.'

வாசலில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்த குப்பம்மாவையும், ஆஸ்பத்திரிக்குப் புகை ஆகாது என்று இருபதடி தள்ளி உட்கார வைத்துவிட்டார். அவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இன்றைய நோயாளி ஒரு ஏ.டி.வி. கடற்கரை மணலில் ஓடும் நாலு சக்கர வண்டி. ரத்தச் சிவப்பு உடம்பு, தங்க நிற ரிம். திருமலை தலைமை தாங்கும் 'கடலோர உயிர்காப்புப் பேரவை'க்கு ஐந்து மணிக்குத் தொடக்க விழா. தலைவர் இதில் ஏறி மணலில் வருவார், ஜனங்கள் பார்ப்பார்கள், அதுதான் நிகழ்ச்சி நிரல்.

"துபாய்லேர்ந்து டைரக்டா எறங்குன மாலு. இதுவரிக்கும் ஒரு மனுசன் குந்துனதில்ல" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

"அப்ப டயரு ஏன் மொட்டையா இருக்கு தலைவரே?"

"கப்பல்ல வர்றச்சயே தேஞ்சிருச்சி."

சாலமோன் மேற்கொண்டு கேட்கவில்லை. மருத்துவர் நோயாளியின் குடும்பக் கதையைக் கிளறக்கூடாது.

ஆனால் முதல் பழைய டயரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஏதோ ஒன்று 'டிக்' என்று தரையில் விழுந்தது. நகத்தளவு, கறுப்பு, ஒரு பக்கம் கூர்.

"பல்லு மாதிரி இருக்கு" என்றார் சாலமோன்.

"மாதிரி இன்னா மாதிரி? பல்லேதான்."

தொடுவதற்கு இருவருக்கும் தைரியமில்லை. திருமலை தூர நின்றபடி காலால் ஒரு தேங்காய் ஓட்டைத் தள்ளி அதை மூடினார்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. சாலமோன் டயரின் ஓரத்துக்குச் சோப்புத் தண்ணீர் தடவினார். தண்ணீர் கேனை வெட்டி எடுத்த பிளாஸ்டிக் துண்டுகளை ரிம்மின் விளிம்பில் செருகினார். அதன்மேல்தான் நெம்புகோலே வைத்தார். இரும்பு இரும்பைத் தொடவே இல்லை. அப்படியும் ஒவ்வொரு 'டம்'முக்குப் பிறகும் தங்க ரிம்மில் இரண்டு சின்னக் குழிகள் தோன்றின. அருகருகே, யாரோ கடித்துப் பார்த்ததுபோல.

முனகலை அடக்க இன்னும் காற்று ஏற்றினார். முனகல் ஊளையாயிற்று.

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி ஞானசெல்வி வந்தாள். "ஏங்க, என்ன சத்தம் இது? புள்ள அழுதாப்ல இருக்கு!"

"ரிம்மை யாரோ கடிக்காங்க, செல்வி."

"அழுக்கா இருக்கும். பெட்ரோல் போட்டுத் துடைச்சுப் பாருங்க."

துடைத்தார். இரண்டு குழிகள் பன்னிரண்டாயின. துணியைப் பார்த்தார், ரிம்மைப் பார்த்தார், துணியைக் கீழே போட்டார்.

ஞானசெல்வி உள்ளே ஓடி ஜெப எண்ணெய்ப் புட்டியோடு வந்தாள். திருமலை அதற்குள் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வரவழைத்துவிட்டார்.

"கற்பூரமெல்லாம் எங்க கடையில ஏத்துறதில்ல அண்ணாச்சி."

"வண்டி என்னுது தாயி. உள்ள இருக்கிறவன் எந்த சாமி கும்புட்டானோ, யாருக்குத் தெரியும்?"

பேய் எந்த மதமென்று கேட்டுச் சொல்ல ஆளில்லாததால் இரண்டையும் செய்வதென்று முடிவாயிற்று. அவள் கண்ணை மூடி எண்ணெய் தடவினாள். அவர் கண்ணை மூடிக் கற்பூரத்தைக் காட்டினார். ரிம்மில் பெட்ரோல் இன்னும் காயவில்லை என்பதை இருவருமே பார்க்கவில்லை.

'குப்'பென்று நீலத் தீ ரிம்மைச் சுற்றி ஒரு வட்டம் ஓடியது.

சாலமோன் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார். சாக்கை எடுத்தபோது தங்கம் சுருள் சுருளாக உரிந்து தொங்கியது. அதற்கு அடியில் கன்னங்கரேலென்ற ரிம். அதைச் சுற்றிலும், ஒரு விரலிடை விடாமல், இரட்டைப் பல் தடங்கள்.

மூன்று டயர்களும் மூன்று சுருதியில் முனகின. தூரத்தில் துறைமுகத்துக் கப்பல் ஒன்று நாலாவது சுருதியில் பதில் சொன்னது.

திருமலை ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தார். எப்போது ஏறினார் என்று யாருக்கும் தெரியாது.

"கடல்ல முயிகினவன் எவனோ உள்ள பூந்துகினு கீறான். நா ஏற மாட்டேன்பா. பேரவைல வேற யாராச்சும் ஏறட்டும்."

"நீங்கதான தலைவர்?"

"தலைவரு பொயச்சாதான பேரவை?" ஸ்டூலில் நின்றபடியே போர்டைக் காட்டினார். "அது கெடக்கட்டும். ரிம்முல கீறல் வுயுந்துச்சா இல்லியா? எறக்கு போர்ட!"

சாலமோனுக்கு உயிரே போர்டில்தான் இருந்தது. அதை இறக்கினால் வெள்ளைக் கோட்டையும் கழற்ற வேண்டும். நாளைக்கு மறுபடியும் அவர் பஞ்சர் கடை சாலமோன்.

"மனுசன் போடுத கீறலுக்குத்தான் நான் பொறுப்பு தலைவரே. பேய் போட்டா அது மருத்துவமனைக் கணக்குல வராது."

"அப்ப பேய்தான்னு எய்திக் குடு. விழாவுல படிச்சிக் காட்டணும்."

"தாராளமா."

மருத்துவமனைக் கடிதத் தாளை எடுத்தார். 'மேற்படி வண்டியின் ரிம்மில் காணப்படும் பல் தடங்கள் எந்த மனிதக் கையாலும், கருவியாலும் ஏற்பட்டவை அல்ல என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் குத்தினார்.

திருமலை ஸ்டூலிலிருந்து இறங்காமலே அதை வாங்கி, உரக்க ஒரு முறை படித்துப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான், அடுப்பு கிளறும் கம்பி கையிலிருக்க, தீ எரிந்ததைப் பார்த்து குப்பம்மா வந்து நின்றாள். உரிந்த ரிம்மை ஒரு சுற்றுப் பார்த்தாள். காற்று கசிந்த ஒரு பல் தடத்தை விரலால் அடைத்தாள், முனகல் சற்றுத் தணிந்தது. வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து, சிவப்புக்கு அடியில் எட்டிப் பார்த்த பழைய பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தாள். பிறகு தேங்காய் ஓட்டைத் தூக்கினாள்.

"யக்கா, அதைத் தொடாதீங்க!" என்று அலறினாள் ஞானசெல்வி.

குப்பம்மா அந்தப் பல்லை எடுத்து முந்தானையில் துடைத்தாள். கம்பியின் முனை தட்டையாக, நடுவில் உடைந்து, இரண்டு பல்லாகப் பிளந்திருந்தது. அந்த இடைவெளியில் பல்லை வைத்தாள். அளவெடுத்து வெட்டியதுபோல் உட்கார்ந்துகொண்டது.

"நீ தூக்கிப் போட்ட கம்பிதான் நைனா இது, போன வருசம் காசிமேட்டு மணல்ல புள்ளைங்கள ஏத்திகினு சுத்துன இதே வண்டிக்கு நீ டயரு மாத்தசொல்லோ ஒடஞ்சி உள்ள வுயுந்த துண்ட, அன்னிக்குப் பூரா தேடுனியே, கெடச்சிருச்சி பாரு!"