பிரம்பு டீச்சரும் மொனிட்டரும்

கற்பிட்டிப் பக்கத்துக் கோபம் முழுவதையும் அள்ளி ஒரு சாக்கில் கட்டினால், அதில் முக்கால்வாசி பிரம்பு டீச்சருடையதாக இருக்கும். மிச்சத்தைத்தான் நாங்கள் எல்லோரும் பங்கு போட்டு வைத்திருந்தோம்.

யுத்தம் முடிந்த கையோடு எனக்கு எத்தாளைப் பக்கம் தபால் கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்தது. வாடகைக்கு அறை தந்தவர் பிரம்பு டீச்சர். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கலியாணம் கட்டாதவர். இரண்டு கண்ணையும் சீனி வியாதி கொண்டுபோயிருந்தது. பார்வை போன கவலையைவிட, தன்னிடம் கேட்காமல் போய்விட்டதே என்ற ஆத்திரம்தான் அவரிடம் அதிகம். ஆஸ்பத்திரியில் வெள்ளைப் பிரம்பு கொடுத்தார்களாம். "பிரம்பு பிள்ளையளுக்கு நான் எடுத்த சாமான். அதால ரோட்டைத் தட்டிக்கொண்டு திரியிறதோ?" என்று அங்கேயே வைத்துவிட்டு வந்தவர்.

ஒரு நாள் சிலாபத்திலிருந்து அவருடைய தம்பி பெனடிக் வந்தார்.

"அக்கா, தனிய இருந்தது காணும். சிஸ்டர்மாரிட மடத்தில இடம் பாத்திட்டன். வீட்டைப் பட்டம் பிடிச்சுக் கடலில ஓடுற வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுவம்."

"எனக்கு வழி காட்ட ஆளில்லை, அதுதானே உன்ர கதை? வெளிநாட்டில நாய் காட்டுதாம். எனக்கும் காட்டும்."

"அந்த நாய் இங்க எங்க இருக்கு?"

"கோழிக்கூட்டுக்குப் பின்னால. பால் குடிச்சுக்கொண்டிருக்கு."

அடுத்த வருடம் வேதக் கோயில் திருநாள் பூசைக்குத் தனியே நடந்து போவதென்றும், முடியாவிட்டால் வாய் திறக்காமல் மடத்துக்குப் போவதென்றும் டீச்சர் சபதம் போட்டார். அவர் வாய் திறக்காமல் இருப்பது நடக்காத காரியம் என்பதால், நாய் வென்றே ஆகவேண்டியிருந்தது.

தெருநாய் போட்ட குட்டி அது. மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தது, மற்றது மடிந்தது. பெயர் மொனிட்டர். வகுப்பைக் கட்டிக்காக்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? வள்ளத்துக் கயிற்றையும் உடைந்த கதிரையின் கைப்பிடியையும் பொருத்தி அதன் முதுகுக்கு ஒரு பிடி செய்தோம்.

வழி காட்டுவது என்றால் வாசம் வரும் பக்கம் போவது என்றே மொனிட்டர் முதலில் விளங்கி வைத்திருந்தது. கோயிலுக்குப் புறப்பட்டால் மீன் காயப்போடும் கருவாட்டு வாடியில் கொண்டுபோய் விடும். "பூசைக்கெண்டு வெளிக்கிட்ட மனிசியைக் கருவாட்டுக்கு நடுவில நிப்பாட்டுறாய்! நீ வேதக்கார வீட்டு நாயா?" என்று அவர் போட்ட சத்தத்தில் காகங்கள்கூடக் கருவாட்டை விட்டுவிட்டுப் பறந்தன.

பின்னேரங்களில் நான் பாடசாதனம். என்னை ஒரு நாள் ஓட்டோவாகவும், ஒரு நாள் லைட் கம்பமாகவும் முற்றத்தில் நிறுத்துவார். நாய் என்னைச் சுற்றி அவரைக் கொண்டுபோக வேண்டும்.

"கிளாக்கர், இண்டைக்கு நீர் கழுதை."

"நேற்றும் கழுதைதானே டீச்சர்?"

"உமக்கு அதுதான் பொருந்துது."

எங்கள் ரோட்டில் உண்மைக் கழுதைகளும் நடுவில் நின்று யோசிக்கும். அவற்றைச் சுற்றிப் போக மொனிட்டர் பழகிவிட்டது. கஷ்டம் முருங்கைக் கொப்பில்தான். நாய் கீழால் போய்விடும், டீச்சரின் நெற்றி மேலே மோதும். மோதியதும் மரத்துக்கும் எனக்கும் நாய்க்கும் முறைப்படி ஏசுவார். பிறகு திரும்பி வந்து, கொப்பைக் கையால் தட்டிக் காட்டி, மறுபடி நடப்பார். நெற்றி வீங்கிய பிறகும் நடந்தார். கடைசியில் ஒரு பின்னேரம், கொப்புக்கு முன்னால் மொனிட்டர் தானாகவே நின்றது. டீச்சர் கையை உயர்த்தி இலையைத் தொட்டார். "ம்," என்றார். அவருடைய அகராதியில் அது நூற்றுக்கு நூறு.

கடையில் வேறு சண்டை. "நாயை உள்ளுக்கு எடுக்க வாணாம் டீச்சர், எங்களுக்கு ஆகாது," என்றார் கடைக்கார ஹனீபா நானா. "அப்ப நானும் வரமாட்டன்!" என்று இவர் வெயிலில் நின்றார். நானா வாசலில் ஒரு சாக்கை விரித்து, சிரட்டையில் தண்ணீர் வைத்து, சீனியையும் பருப்பையும் வெளியே கொண்டுவந்து கொடுத்தார். அன்று முதல் அந்த இடம் மொனிட்டருடையது. ஏச எதுவும் கிடைக்காமல் டீச்சர் பருப்பில் கல் இருக்கிறது என்றார்.

ஒரே ஒரு சட்டத்தில் மட்டும் அவர் மசியவில்லை. சொன்னால் செய்ய வேண்டும். "சொல்வழி கேக்காத நாய் என்ர வீட்டில இல்லை."

திருநாள் வந்தது. புதுச் சேலையில் டீச்சர் முன்னால், பிழை பிடிக்க வந்த பெனடிக் பின்னால், அவருக்கும் பின்னால் நான். கழுதை, ஓட்டோ, பலூன் வண்டி எல்லாவற்றையும் மொனிட்டர் அழகாகச் சுற்றிப் போனது. கோயில் தெரியும் தூரத்தில் சட்டென்று நின்றது.

"முன்னுக்கு!" என்றார் டீச்சர்.

அசையவில்லை.

"முன்னுக்கு எண்டன்!"

நாய் குறுக்கே திரும்பி அவர் காலடியில் படுத்துக்கொண்டது. டீச்சர் குனிந்து அதன் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார். அது முனகியது, எழும்பவில்லை.

"பாத்தீங்களா அக்கா? நாயை நம்பி வெளிக்கிட்டால் இதுதான்," என்றபடி பெனடிக் முன்னால் போனார், அதைப் பிடித்து இழுக்க. இரண்டாவது எட்டு வைக்குமுன் ஆளைக் காணவில்லை.

தண்ணீர்க் குழாய் போட வந்தவர்கள் வெட்டிய கிடங்கு. மேலே தென்னோலைக் கிடுகைப் போட்டு மண்ணைத் தூவிவிட்டுத் திருநாளுக்குப் போய்விட்டார்கள். ஒரு கயிறு இல்லை, ஒரு சிவப்புத் துணி இல்லை.

"என்ன சத்தம்?"

"பெனடிக் அண்ணன் கிடங்குக்குள்ள, டீச்சர்."

"எந்தக் கிடங்கு?"

சொன்னேன். புதுச் சேலையோடு அவர் ரோட்டிலேயே குந்தினார். நாயின் கால்களை ஒவ்வொன்றாகத் தடவினார், மடிந்த காதைத் தடவினார், கடைசியில் அடித்த இடத்தில் கையை வைத்தார். "நீ என்ர சொல்வழி கேக்காமல் விட்டதுதான் சரி, ராசா," என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு எழும்பினார். இடுப்பு வரை சேறோடு தம்பி ஏறி வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. குழாய் வேலைப் பொறுப்பாளரை என் ஃபோனில் பிடிக்கச் சொன்னார்.

"நான் விழுந்திருந்தால் குருடி, பாத்து நடக்கேல்ல எண்டு சொல்லியிருப்பியள்! கண்ணுள்ளவன் விழுந்து கிடக்கிறான், அவனுக்கு என்ன சொல்லப்போறீங்கள்? நாய்க்கு இருக்கிற பொறுப்பு உங்களுக்கு இல்லையா?"

பூசை மணி அடித்தது. அவர் அசையவில்லை. வந்த சனத்தை எல்லாம் ஏசி ஏசி ஓரத்தால் அனுப்பினார். ஆட்கள் பலகையோடு ஓடிவந்து கிடங்கை அடைத்த பிறகுதான் கைப்பிடியைப் பிடித்தார். "முன்னுக்கு" என்று சொல்லவில்லை. "போவமா?" என்று கேட்டார். மொனிட்டர் போனது.

பெனடிக் மடத்துக் கதையை விட்டுவிட்டார். அடுத்த முறை வந்தபோது நாய்க்கு ஈரல் கொண்டுவந்தார்.

எனக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தபோது டீச்சர் மொனிட்டரோடு பஸ்ஸடிக்கு வந்தார். பெட்டியைக் கட்டிய விதத்துக்கு எனக்கும், நேரம் பிந்தியதற்கு டிரைவருக்கும் ஏசினார். பஸ் வெளிக்கிட்ட பிறகும் அவர் குரல் கேட்டது: "சாப்பிடாமல் கிடந்து சாகாதேயும், கிளாக்கர்!"

கொழும்பில் என்னோடு பண்பாகப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏசத்தான் ஆளில்லை.