தோளில் ஒரு கை

வவுனியாவில் சாவதற்கு அஞ்சலி ஐயாவைப்போல ஆயத்தமாக இருந்த மனிதர் வேறெவரும் இல்லை. அவரைப்போல அந்தக் காரியத்தை இழுத்தடித்தவரும் இல்லை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். நான் வேலை செய்யும் ஸ்ரூடியோவில் எவருக்கும் அது தெரியாது. ஒரு காலத்தில் லொறி ஓட்டியவர். ஓய்ந்த பிறகு அவருக்கு ஒரே வேலை, ரவுணில், கடைத்தெருவெங்கும் தொங்கும் கண்ணீர் அஞ்சலி பனர்களுக்குக் குறை சொல்வது. எங்கள் ரவுணில் உயிரோடு இருக்கிறவரை ஒருவரும் நின்று பார்ப்பதில்லை, பஸ்ஸைப் பிடிக்கவே நேரம் போதாது. கண்ணை மூடிவிட்டால் மறுநாள் காலை பஸ் நிலையத்தடியில் பனரில் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். ஐயா சைக்கிளை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்.

"அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சிருக்கிறாங்கள். பாவம், மனிசன் பொலிசில பிடிபட்ட மாதிரியெல்லோ நிக்குது."

எல்லாவற்றிலும் அவருக்குப் பொறுக்காதது கை. கலியாண வீட்டுப் படத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுக்கும்போது, பக்கத்தில் நின்றவரின் கை தோளோடு சேர்ந்து வந்துவிடும். "ஆரின்ரை கை இது? செத்தவருக்கு மூண்டு கையோ?" என்று ஸ்ரூடியோவுக்குள் வந்து என்னைக் கேட்பார், ஏதோ நான்தான் அதை ஒட்டிவிட்டதுபோல.

தர்மபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் அப்பாவின் படமும் அப்படி வெட்டியதுதான். யுத்தகால இடம்பெயர்வில் அல்பங்கள் எல்லாம் போய்விட, சொந்தக்காரர் வீட்டில் மிஞ்சிய ஒரு படத்திலிருந்து எடுத்தது. அப்பாவின் தோளில் ஒரு கை இருக்கிறது. யாருடையது என்று அம்மாவுக்கும் தெரியாது.

தனக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதான், ஒவ்வொரு தைப்பொங்கல் முடிந்ததும் ஐயா மனைவியோடு ஸ்ரூடியோவுக்கு வருவார், தன்னுடைய அஞ்சலிப் படத்தைப் புதுப்பிக்க. முதல் தடவை எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "ஐயா, உடம்புக்கு ஏதும்..." என்று இழுத்தேன்.

"எனக்கென்ன, கல்லுப்போல இருக்கிறன். சாவு சொல்லிப்போட்டே வரும்?"

வெள்ளைச் சேட்டும் விபூதியுமாகக் கதிரையில் இருப்பார். சிரிக்கவைத்து எடுத்தால், "மனிசியிட்டை இருந்து தப்பிப் போறன் எண்டெல்லோ சனம் நினைக்கும்" என்பார். சிரிக்காமல் எடுத்தால் அது மருந்தெடுக்க வரிசையில் நிற்கிறவன் முகமாம். போன வருசப் படம் வடிவாகத்தானே இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அதிலை இளமையா இருக்கிறன். சின்ன வயசிலை போயிட்டான் எண்டு சனம் வீணா அழும்" என்று முடித்துவிட்டார்.

சீப்பும் பவுடருமாகப் பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "இஞ்சருங்கோ, முதல்ல செத்துக் காட்டுங்கோ, பிறகு படத்தைப் பாப்பம்."

அந்த அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. நான் படம் எடுக்கும் நேரம் பார்த்து, கொலர் நேராக இல்லை என்று கையை நீட்டிவிடுவார்.

"கையை எடுமப்பா" என்று ஐயா கத்துவார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்தக் கைப்படமெல்லாம் அழிச்சுப்போடு. ஒண்டும் மிஞ்சக்கூடாது."

ஓம் ஓம் என்று தலையை ஆட்டுவேன். அழிக்க மாட்டேன். அல்பம் இல்லாத வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த வேலைக்கு விரல் போகாது.

"அம்மா, நீங்களும் ஒருக்கா இருங்கோவன், ஒண்டு எடுப்பம்" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கேன் ராசா? இவர் போனாப்பிறகு விளக்கு வைக்க இவரின்ரை படம் இருந்தாப் போதும்."

கணக்குப் பிழைத்துவிட்டது. ஒரு மாரியில், சாதாரணக் காய்ச்சல் என்று படுத்த அந்த அம்மா எழும்பவில்லை. ஐயா அவருடைய அடையாள அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். படம் தேய்ந்து, நெற்றியும் மூக்கும்தான் மிஞ்சியிருந்தன.

"வீடெல்லாம் தேடிட்டன் தம்பி. எங்கை பாத்தாலும் நான்தான் இருக்கிறன்."

கணினியில் பழைய படங்களைத் திறந்தேன். அழிக்கச் சொன்னவை ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றில் அந்த அம்மா ஐயாவின் கொலரில் கைவைத்தபடி, நேரே கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஐயா வாய்நிறைய ஏசிக்கொண்டிருந்தார். அம்மாவை மட்டும் வெட்டி எடுத்தேன். எவ்வளவு கவனமாக வெட்டியும் ஓரத்தில் ஐயாவின் தோள் கொஞ்சம் மிஞ்சிவிட்டது.

"மறைச்சு விடட்டோ ஐயா?"

"விடு. கிடக்கட்டும்."

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு ஒருநாள் பஸ் நிலையத்தடியில் அவரைக் கண்டேன். சைக்கிளைப் பிடித்தபடி பனருக்குக் கீழே நின்றார். கச்சான் கடலை விற்கிறவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆரின்ரை தோள் ஐயா அது, வெட்டாமல் விட்டிருக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

"என்ரை" என்றார் ஐயா.

தை பிறந்தது. வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார், தனியாக. வெள்ளைச் சேட், விபூதி எல்லாம் இருந்தன. கொலர் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. சரிசெய்யக் கிட்டப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். கதிரையில் இருந்தவர் படம் எடுக்க முதலே எழும்பினார்.

"புதுசு வேண்டாம் தம்பி. அந்தப் படம் இருக்கெல்லே, நான் ஏசிக்கொண்டிருக்கிறது. எனக்கும் அதிலையே வெட்டி எடு."

"அதிலை உங்கடை தோளிலை கை வருமே ஐயா."

"அதைத்தான் சொல்லுறன். கையை வெட்டிப்போடாதை."

வெட்டவில்லை. தர்மபுரத்துக்குப் போகும்போது இப்போதெல்லாம் அப்பாவின் தோளில் இருக்கும் கையையும் சற்று நின்று பார்க்கிறேன். யாரோ ஒருவர் அன்றைக்கு அப்பாவை அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், அது போதும்.

ஐயா இன்னமும் ஒவ்வொரு தைக்கும் வருகிறார். பிளேன்ரீயைக் குடித்தபடி அந்தப் படத்தைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். ரவுணில் தொங்கும் பனர்களுக்கு இப்போதும் குறை சொல்கிறார், கைகளை மட்டும் விட்டுவிடுகிறார். அவருடைய பனருக்கு எல்லாம் ஆயத்தமாக இருக்கிறது. அது பாட்டுக்கு ஆயத்தமாகவே கிடக்கட்டும், அவர் இன்னும் கனகாலம் வந்து வந்து பார்க்கட்டும்.