நாற்பத்தொரு குருத்தோலையும் ஓர் ஆடும்

விபூதிப் புதனுக்கு முதல் வந்த ஞாயிறு, எங்கள் ஒழுங்கை வீடுகளில் பழைய குருத்தோலைகளைச் சேர்த்துக் கோயிலில் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையைச் சிலுவையாக மடித்து, சுவாமிப் படத்துக்குப் பின்னால் எல்லோரும் செருகி வைத்திருப்போம். அதை எரித்த சாம்பல்தான் புதன்கிழமை எங்கள் நெற்றிக்கு வரும். வாங்க வேண்டும், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஆனால் பாதர் பூசை முடிவில் என்னைக் காட்டி, ஐயா கணக்கில் பிழை விடமாட்டார் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். எனக்குத் தலை கனத்துவிட்டது. அன்றைக்கே கணக்கெழுத ஒரு கொப்பி வாங்கினேன்.

வீடுகளில் கூப்பிட்டுக் கேட்க எனக்கு வெட்கம். படலையில் நின்று இருமுவேன். யாராவது வெளியே வரும்வரை இருமுவேன். மூன்றாவது வீட்டில் கொத்தமல்லித் தண்ணி தந்தார்கள். ஏழாவது வீட்டில் ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

பதினேழு வீடுகள். வந்த ஓலைகளைப் பார்த்தால் எங்கள் பக்தி விளங்கும். ஒன்றில் பல்லி முட்டை. ஒன்று அலுமாரிக் கதவு ஆடாமல் இருக்க இடுக்கில் மடித்து வைத்தது. ஒரு வீட்டில், கனடாவிலிருந்து வந்த மகன் அழியாமல் இருக்கட்டும் என்று ஓலையைப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி வைத்திருந்தான். எரிக்கிறதற்கென்றே உள்ள ஓலை! அந்த ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசி வீடு திரேசாவுடையது. அவ நீட்டியது பாதி ஓலை. புயலடித்தபோது, காற்று அடங்கட்டும் என்று பயத்தில் மற்றப் பாதியைப் பிய்த்து எரித்தாவாம்.

"அரை ஓலைக்குக் கொப்பியிலை இடமில்லை" என்றேன்.

அந்தத் திமிருக்குத்தான் பிறகு நடந்தது எல்லாம்.

வழியில் இரண்டு முறை எண்ணினேன். ஒருமுறை நாற்பத்தொன்று, ஒருமுறை நாற்பது. அப்படியே கோயிலுக்குக் கொண்டுபோக எனக்கு ஏலாது. வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து, வீட்டுக்கு ஒரு வரிசையாகப் பதினாறு வரிசை அடுக்கினேன். நாற்பத்தொன்றேதான். கொப்பியோடு ஒத்துப் பார்க்கக் கண்ணாடி எடுக்க உள்ளே போனேன். அங்கே எல்லாம் தேடினேன். அது சட்டைப்பையில் இருந்தது.

வெளியே வந்தால், எங்கள் ஆடு பதின்மூன்றாம் வரிசையில் நின்றது. ஒரு வரிசையும் விடாமல் ஒழுங்காகத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. மிஞ்சியது ஒன்பது.

மனைவி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாவாம்.

"நீங்கள் அடுக்கினதைப் பாத்தால் அதுக்கு விருந்து வைச்ச மாதிரித்தானே இருந்தது" என்றா.

பதினாறு வீட்டு ஓலை. என்னை நம்பித் தந்தது. பாதருக்கு என்ன சொல்வது? அரையையாவது கூட்டலாம் என்று திரேசா வீட்டுப் படலையில் போய் இருமினேன். அவ அவசரப்படவில்லை.

"அரை ஓலைக்கு இடமில்லை எண்டனீங்கள், அண்ணை."

"இப்ப இருக்கு."

"கொப்பியிலையோ, ஆட்டுக்குள்ளையோ?"

வேலிக்கு மேலால் எல்லாம் பார்த்திருக்கிறா. ஆனாலும் ஓலையைத் தந்தா.

கோயிலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பையைக் கொடுத்து, நடந்ததைத் தரையைப் பார்த்தபடி சொன்னேன். பாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பைக்குள் பார்த்தார்.

"ஐயா, ஊர் முழுக்கப் பூச எட்டு ஓலைச் சாம்பல் காணும். மிச்சத்தை வருசா வருசம் எரிச்சுப் புதைக்கிறனாங்கள்."

எட்டு! நான் பதினேழு படலைகளில் இருமியிருக்கிறேன்.

புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு திரும்பி வரும்போது, திரேசா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னா: "உங்களுக்குப் பூசினது என்ரை அரை ஓலையாத்தான் இருக்கும், அண்ணை."



வீட்டுக்கு வந்து கொப்பியில் இரண்டு வரி சேர்த்தேன். திரேசா, அரை. ஆடு, முப்பத்திரண்டு.